செயின்சாவுக்கு நீளமான பார் வாங்கினால் போதுமா? ஆம்பன் அனுபவத்திலிருந்து ஒரு விளக்கம்

2020 மே 20. ஆம்பன் புயல் அடித்து ஓய்ந்தபோது கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கிடந்தன. லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ரவீந்திர சரோவர் ஏரிக்கரையும் தப்பவில்லை. தெற்கு கொல்கத்தாவின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. மரங்களை அறுத்து வழி ஏற்படுத்த மே 23 அன்று ராணுவம் வந்தது. ஒடிஷாவிலிருந்தும் பேரிடர் மீட்புக் குழுக்கள் வந்தன.

அதனால்தான் மழைக்காலம் நெருங்கும்போது, 'நம்ம அபார்ட்மென்ட்டுக்கே ஒரு செயின்சா வாங்கி வச்சுக்கலாமே' என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், கடையில் முதலில் கண்ணில் படுவது நீளமான பார்தான். கொஞ்சம் பொறுங்க.

பார் என்பது செயின் ஓடும் நீளமான இரும்புத் தகடு. அதன் நீளத்தை மரத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது, இன்ஜினையும் பார்க்க வேண்டும். 50 சிசி மெஷினுக்கு 18 முதல் 20 அங்குலம் சரியாக இருக்கும். 28 அங்குலம் வேண்டுமென்றால் 70 சிசிக்கு மேல் தேவை. ஆன்லைனில் அதிகம் தென்படும் 58 சிசி மெஷின் 22 அங்குல பாருடன் வருகிறது. அதற்கு மேல் நீட்டாதீங்க. இன்ஜின் திணறுவது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரியது, சின்ன மெஷினின் ஆயில் பம்ப் பாரின் நுனி வரை எண்ணெய் அனுப்பத் திணறும். எண்ணெய் இல்லாமல் ஓடும் செயின், பாரின் பள்ளத்தைத் தின்றுவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாரும் இதில் தப்பாது.

18 அங்குல பாரை வைத்தே, இரண்டு பக்கமும் அறுத்து 30 அங்குலத் தண்டை முடித்துவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாரில் இரண்டு வகை உண்டு. தகடுகளை ஒட்டவைத்துச் செய்த லேமினேட்டட் பார் எடையும் விலையும் குறைவு; வருஷத்துக்கு நாலு தடவை எடுப்பவர்களுக்கு அது போதும். ஒரே இரும்பில் செய்த சாலிட் பார் எளிதில் வளையாது. விழுந்த மரத்தில் பார் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்பதால், புயல் வேலைக்கு என் ஓட்டு சாலிடுக்குத்தான். நுனியை மட்டும் மாற்றக்கூடிய மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது.

செயின் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூர்மூலைப் பல் கொண்ட ஃபுல் சிசல் வேகமாக அறுக்கும். ஆனால் நகரத்து மரம் சுத்தமானது கிடையாது. சேறு, பேனர் கட்டிய கம்பி, பட்டைக்குள் புதைந்த ஆணி எல்லாம் இருக்கும். மண் பட்டாலே அந்தக் கூர் போய்விடும். மூலை உருண்ட செமி சிசல் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும், கூர் அதிக நேரம் நிற்கும். அதையே வாங்குங்க.

வாங்கும் முன் பழைய பாரின் அடியில் பொறித்திருப்பதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிட்ச் (3/8 அல்லது .325 அங்குலம்), கேஜ் (1.3, 1.5 அல்லது 1.6 மி.மீ.), டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் செயின் உட்காரும். எழுத்து அழிந்திருந்தால், அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து பாதியாக்குங்க, அதுதான் பிட்ச். பாரும் உங்கள் மெஷின் மாடலுக்குப் பொருந்துவதா என்று கடையில் கேளுங்கள்.

ஒவ்வொரு முறை செயின் மாற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். தூள் மாவு மாதிரி விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி அறுக்காமல் அரம் போடுங்க. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றவே வேண்டாம்.

மரத்தோடு மின்கம்பி கிடந்தால், மின்வாரிய ஆட்கள் வந்து சப்ளையை நிறுத்தும்வரை மெஷினைத் தொடாதீங்க. நிற்கும் மரம் என்றால், அது ஆபத்தாகச் சாய்ந்திருந்தாலும் மேற்கு வங்கத்தின் 2006 மரப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் அனுமதி கேளுங்கள்.