கொட்டிய திரவத்தில் ஒளிந்திருந்தது

1980களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்த டென்னிஸ் லோவுக்கு ஒரு பிடிவாதம். சிசுவின் குரோமோசோம்களைப் பார்க்க அன்று தாயின் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்தார்கள். சில நேரம் கரு கலைந்தும் போகும். கையில் எடுக்கும் ரத்தமே போதாதா? தாயின் ரத்தத்தில் கலந்த சிசுவின் செல்களைத் தேடினார். எட்டு ஆண்டுகள் ஓடின. அகப்பட்டவையோ மிகச் சொற்பம்.

1996இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. புற்றுநோய்க் கட்டியின் டிஎன்ஏ நோயாளியின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், மிதக்கிறதாம். கட்டியே இப்படி என்றால், அதைவிடப் பெரிய சிசு? செல்களைப் பிடிக்கிறேன் என்று இத்தனை காலம் லோ கொட்டிக் கவிழ்த்தது அதே பிளாஸ்மாவைத்தான்!

சொந்த ஊரான ஹாங்காங்குக்குத் திரும்பும் காலம் அது. பிளாஸ்மாவிலிருந்து டிஎன்ஏவை எப்படி எடுப்பது? நூடுல்ஸ் வேகவைப்பதுதான் நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டார். ஆண் சிசுவைச் சுமந்த 30 பெண்களில் 24 பேரின் பிளாஸ்மாவில் ஒய் குரோமோசோமின் டிஎன்ஏ தென்பட்டது. பெண் சிசுவைச் சுமந்த 13 பேரில் ஒருவரிடமும் இல்லை. 1997இல் 'லான்செட்' அதை வெளியிட்டது. ஆனால் குரோமோசோம் கோளாறான டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிக்க இன்னும் பதினோரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2008இல் லோவின் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் குவேக்கின் குழுவும் டிஎன்ஏ துண்டுகளை லட்சக்கணக்கில் எண்ணி அதைச் சாதித்தன. 2011இல் சந்தைக்கு வந்தது. பத்தாவது வாரத்தில் மருத்துவர்கள் சர்வசாதாரணமாக எழுதித்தரும் என்ஐபிடி ரத்தப் பரிசோதனை இதுதான். பிறகுதான் குழப்பமே ஆரம்பித்தது.

சிலருக்கு ரிப்போர்ட்டில் கோளாறு, ஸ்கேனில் சிசு நன்றாக இருக்கிறது. பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தாலும் குறையில்லை. காரணம், மிதக்கும் துண்டுகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடி உதிர்த்தவை. நஞ்சுக்கொடியில் மட்டும் குரோமோசோம் பிழை இருக்கலாம் என்பது 1983லேயே தெரிந்த சேதி. ஊசிக்கு விடைகொடுக்க வந்த பரிசோதனை, உறுதிசெய்ய மறுபடி ஊசியிடமே அனுப்பியது! அப்படியும் சில ரிப்போர்ட்டுகள் பிடிபடவில்லை. ஒரே ரத்தத்தில் பல குரோமோசோம்கள் தாறுமாறாக இருந்தன.

2015இல் ஆய்வாளர் டயானா பியாங்கியின் குழு விடையை வெளியிட்டது. சுமார் 1,25,000 மாதிரிகளை அலசியதில், கோளாறு காட்டிய பத்துப் பெண்களுக்குப் புற்றுநோய். லோவுக்கு வழிகாட்டிய அதே கட்டி டிஎன்ஏ, இம்முறை தாயிடமிருந்து! சிசுவின் ஸ்கேனில் அது எப்படித் தெரியும்? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் புதிரான ரிப்போர்ட் வந்த 107 பேரில் 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை. புற்றுநோயைக் கண்டறிவதில் முந்தி நின்றது முழு உடல் எம்ஆர்ஐ.