ஆயிரம் மகளிரின் அன்னை

பிறந்த நாட்டை விட்டு வேற்று மண்ணில் வாழ்வோர் இருதிறத்தார். பொருள் தேடிச் சென்றோர் ஒரு திறத்தார்; தொண்டு நாடிச் சென்றோர் மற்றொரு திறத்தார். ஆனேக்கல்லில் குடியேறி வாழும் தமிழராகிய நம்மிற் பலர் முன்னவரைச் சேர்ந்தோர். பின்னவருள் ஒருவர் எலைசா அக்னியூ அம்மையார். அமெரிக்காவில் தோன்றி, ஈழத் தமிழ் மண்ணில் 43 ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே மறைந்த அவருடைய வரலாறு நாம் அறியத்தக்கது.

அம்மையார் 1807-இல் நியூயார்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில், பள்ளியில் பூகோள பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஆசிரியர் மொரிசியஸ் தீவைப் படத்தில் காட்டினார். சமயத் தொண்டுக்கெனப் புறப்பட்ட ஹேரியட் நியூவெல் என்னும் இளநங்கை 1812-இல் உயிர் நீத்த இடம் அது. அன்றே தாமும் அத்தொண்டினை மேற்கொள்வதெனச் சிறுமி உறுதி பூண்டாள். ஆயினும், இல்லத்தில் ஆற்றவேண்டிய கடமைகள் அவரைப் பல்லாண்டு தடுத்து நிறுத்தின. அவை முடிந்த பின்னரே 1839-இல் கப்பலேறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் அடைந்தார். அமெரிக்க மிஷன் இலங்கைக்கு அனுப்பிய மணமாகாத முதற் பெண்மணி அவரே.

அந்த மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிற்று. ஆண்மக்களுக்கென 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிற்று. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவரே. பெண்களுக்கென 1824-இல் உடுவிலில் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர் ஹேரியட் வின்சுலோ அம்மையார். 1862-இல் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட மிரன் வின்சுலோ அவர்தம் கணவர்.

பெண்ணுக்குக் கல்வி ஏன் என்று ஊரார் வினவிய காலம் அது. உணவும் உடையும் அளித்தும், மணமாகும்போது சீதனம் தருவதாகக் கூறியுமே தொடக்கத்தில் சிறுமியரைப் பள்ளிக்கு அழைக்க வேண்டியிருந்தது. அத்தகைய பள்ளியில்தான் அக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றினார். தாய் பயின்ற பள்ளியில் மகள் பயின்றாள். அம்மகள் பெற்ற மகளும் பயின்றாள். மூன்று தலைமுறைக்கும் ஆசிரியை ஒருவரே! விடுமுறை நாட்களிலும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர்; பழைய மாணவியரை அவரவர் இல்லம் தேடிச் சென்று கண்டார். தாயகம் சென்று ஓய்வு கொள்ளலாகாதா என்று நண்பர் கேட்டபோது, அதற்கு நேரமில்லை என்றே விடையளித்தார். 43 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை.

திருச்சபையும் பள்ளியும் அவருக்கு வேறு வேறல்ல. அவரிடம் பயின்றோர் ஆயிரத்திற்கு மேற்பட்டோர். அவர்களுள் அறுநூற்றுவர்க்கு மேல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். இது சைவப் பெருமக்களுக்குக் கவலை அளித்தது இயல்பே. ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். ஒரு சமயத்தார் பள்ளி வைக்க, மற்றொரு சமயத்தாரும் பள்ளி வைத்தனர். சமயப் போர் எவ்வாறாயினும், கல்வி பெருகிற்று. அம்மையாரின் சமய நோக்கை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். அவர்தம் உழைப்பை மறுப்போர் இலர்.

1879-இல் பணியினின்று ஓய்வு பெற்ற அம்மையார், பின்னர் மானிப்பாயில் லீச் சகோதரியர் என்னும் மிஷன் தொண்டரோடு வாழ்ந்தார். 1883-இல், தம் 76-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மணம் புரியாத அவரை ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று உலகம் போற்றியது. வட்டுக்கோட்டைச் செமினரி 1855-இல் மூடப்பட்டது. உடுவில் பள்ளியோ நிலைத்து நின்று, உடுவில் மகளிர் கல்லூரியாக வளர்ந்து, 2024-இல் இருநூறாண்டு கண்டது.

அம்மையார் போர் வென்றவரல்லர், பெருநூல் இயற்றியவரல்லர். ஒரு சிற்றூரில், ஒரு பள்ளியில், நாள்தோறும் சிறுமியர்க்குக் கற்பித்தார், அவ்வளவே. தம் நம்பிக்கையைக் கைவிடாமலே, வந்த மண்ணின் மக்களைத் தம் மக்களாக்கிக் கொண்டார். கன்னட நாட்டில் வாழும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேறு யாது? நம் தமிழை வீட்டில் பேணுவோம். நமக்கு வாழ்வளிக்கும் ஊரின் மொழியையும் விரும்பிக் கற்போம். நம் பெண்மக்களின் கல்வியை இடையில் நிறுத்தாதிருப்போம். தொண்டு செய்வார்க்கு எம்மண்ணும் சொந்த மண்ணே.