பயில்வான் வண்டியின் பூர்வீகம்

ஆகஸ்டு மாதத்து மூன்றாவது சனிக்கிழமை. மிச்சிகன் மாநிலத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். "மாமா, இன்றைக்கு உங்களுக்கு ஒரு தேர்த் திருவிழா காட்டுகிறேன்" என்று சொல்லி மாப்பிள்ளை என்னை உட்வர்ட் சாலைக்கு அழைத்துப் போனார். டெட்ராயிட் நகரில் தொடங்கிப் பாண்டியாக் என்ற ஊர் வரை போகிற அகலமான சாலை அது. 1995 முதல் ஆண்டுதோறும் அங்கே பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது.

பாண்டியாக் என்றதும் நம் காதில் பாண்டியன் கேட்கிறானே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 1763இல் டெட்ராயிட் கோட்டையை முற்றுகையிட்டு, வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் திணற அடித்த ஒடாவா குலத் தலைவர் ஒருவரின் பெயர் அது. பிறகு ஊருக்கு வந்து, ஊரிலிருந்து மோட்டார் காருக்கு வந்தது. வீரர்களுக்குக் கிடைக்கும் மரியாதைகளில் இதுவும் ஒரு விதம்!

சாலையோரத்துப் புல்தரையில் ஒரு நீல நிறக் கார் நின்றது. கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று ஓர் அட்டை. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். 1964ஆம் வருஷத்துப் பாண்டியாக் ஜி.டி.ஓ. அமெரிக்கர்கள் இந்த ஜாதிக் கார்களை 'மஸில் கார்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். பயில்வான் வண்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

நாங்கள் போய் நின்ற நேரத்தில் ஒருவர் அந்தக் காரை மும்முரமாக விலை பேசிக்கொண்டிருந்தார். "எஞ்சின் பிறந்தபோது இருந்ததுதானே?" என்று கேட்டார். "இல்லை, அது எனக்கு முந்தியவர் கையிலேயே வெடித்துவிட்டது. அதே அளவில் வேறு பாண்டியாக் எஞ்சின் போட்டிருக்கிறேன்" என்றார் கிழவர். கியர்ப் பெட்டி? அது புதிது, ஐந்து கியர். முன் பிரேக்? அதுவும் புதிது. வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "அப்படியானால் இது அசல் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்தார். கிழவர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அசல் என்ற சொல் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. இந்தக் காரின் பூர்வீகத்தை நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். அந்த அசலின் யோக்கியதை இதுதான்:

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கிளைக் கம்பெனிகள் எதுவும் பந்தயத்தில் தலையிடக் கூடாது என்று உத்தரவு போட்டது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று வேறு ஒரு விதி இருந்தது. பாண்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியனும் சகாக்களும் விதியை நன்றாகப் படித்தார்கள். புதுக் கார்தானே மேலிடத்தின் அனுமதிக்குப் போக வேண்டும்? வாங்குகிறவர் கேட்டால் சேர்த்துத் தரும் உபரிச் சாமான்களுக்கு அந்தத் தொல்லை கிடையாதே! லெமான்ஸ் என்ற சாதுவான காருக்கு, சுமார் 295 டாலர் விலையில் ஓர் உபரியாக 389 கன அங்குல எஞ்சினைப் பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். 325 குதிரை சக்தி. இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் மூன்று கார்புரேட்டர், 348 குதிரை சக்தி. மேலிடத்தார் விழித்துக்கொண்டபோது கார் விற்க ஆரம்பித்திருந்தது. ஐயாயிரம் போகும் என்று எண்ணியிருந்த இடத்தில் முதல் வருஷமே 32,450 கார்கள் விற்றன. லாபம் வருகிற குற்றத்தை எந்த முதலாளி தண்டித்திருக்கிறான்?

பெயராவது சொந்தமா? அதுவும் இல்லை. இத்தாலியில் ஃபெராரி கம்பெனி தன் பந்தயக் காருக்கு வைத்திருந்த பெயர் அது. பந்தயத்துக்கு முறைப்படி அங்கீகாரம் பெற்ற வண்டி என்று பொருள். பாண்டியாக் காருக்கு அப்படி எந்த அங்கீகாரமும் கிடையாது. பெயரைக் கூசாமல் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் சிகரம் 1964 மார்ச்சில் நடந்தது. 'கார் அண்டு டிரைவர்' பத்திரிகை அட்டையில் இரண்டு ஜி.டி.ஓ.க்களையும் போட்டி போடுவதுபோல் படம் வரைந்து வெளியிட்டது. உண்மையில் இரண்டும் ஒரே களத்தில் மோதவே இல்லை. பாண்டியாக் கார் 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் எட்டியது என்று எழுதினார்கள். நாடே வாயைப் பிளந்தது. பல பத்து ஆண்டுகள் கழித்து, பாண்டியாக்கின் விளம்பரக்காரரான ஜிம் வாங்கர்ஸ் ரகசியத்தை உடைத்தார். சோதனைக்குக் கொடுத்த காரில் இருந்தது 389 எஞ்சினே அல்ல. பெரிய கார்களுக்கு உரிய 421! வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அந்தச் சோதனையின் புகழை நம்பித்தான் அசல் அசல் என்று இன்றும் பலர் தவம் கிடக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஜி.டி.ஓ. தனி வகை ஆனது 1966இல்தான். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுக் கார்களின் எண் தகட்டைப் பார்த்தால் வெறும் லெமான்ஸ் என்றே இருக்கும். சாதாரணக் காரைப் பயில்வானாக வேஷம் கட்டி விற்பவர்களுக்கு இது நல்ல வசதி. பழைய விற்பனைச் சீட்டின் நகல்தான் சாட்சி.

அந்தக் காலம் சீக்கிரமே முடிந்தது. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1970இல் காற்றுச் சுத்தச் சட்டம் வந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974உடன் பழைய ஜி.டி.ஓ. நின்றுபோயிற்று. 2010இல் பாண்டியாக் என்ற பெயரே சந்தையிலிருந்து போய்விட்டது.

கிழவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மாப்பிள்ளை துணைக்கு இருந்தார். செய்த மாற்றங்களையெல்லாம் தேதியோடு ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்துவிட்டதால் வால்வு உட்காரும் வளையங்களைக் கடினமான உலோகத்தில் மாற்றியது, தீப்பொறிக்கு மின்னணுச் சாதனம் வைத்தது, ஒரு திருகாணி மாற்றியதுகூட அதில் இருந்தது. விற்பனைச் சீட்டின் நகலும் இருந்தது. கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார்.

"பிரேக்கை மட்டும் பழையபடி விட்டிருந்தால் விலை கூடியிருக்குமே?" என்று கேட்டேன்.

"கூடியிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் சின்ன டிரம் பிரேக். இந்தக் கனத்தை இந்த வேகத்தில் நிறுத்த அது போதாது என்று அந்த நாளிலேயே பத்திரிகைகள் எழுதின. என் பேத்தி இதை ஓட்டுகிறாள், ஐயா."

"பிறகு ஏன் விற்கிறீர்கள்?"

இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். கிளட்சை மிதிக்க முடியவில்லையாம். பேத்தி படிக்க வெளியூர் போகிறாளாம்.

சாமான் பெட்டியைத் திறந்தார். பழைய போர்வையில் சுற்றி, முன் சக்கரங்களின் இரண்டு டிரம்களும் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருந்தன.

"வாங்குகிறவருக்கு இனாம். வேண்டுமென்றால் அவரே மாட்டிக்கொள்ளட்டும்" என்று சொல்லி மூடியைச் சாத்தினார்.