யூதர் என்போர் யார்? மார்க்கமா, வம்சமா?

நம் வீடுகளில் ஒருவரைத் தூற்றுவதற்கு ‘யஹூதி’ என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. செய்திகளிலும் பயான்களிலும் அச்சொல்லை ஓயாது கேட்கிறோம். ஆயினும் அது ஒரு மார்க்கத்தைக் குறிக்கிறதா, வம்சத்தைக் குறிக்கிறதா என்று பிள்ளைகள் கேட்டால் தயங்குகிறோம். யூதர்களே இவ்வினாவில் இன்றுவரை ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

திருக்குர்ஆன் இரு பெயர்களை ஆள்கிறது. யஅகூப் (அலை) அவர்களின் மற்றொரு பெயர் இஸ்ராயீல்; அவர்களின் வழித்தோன்றல்கள் பனூ இஸ்ராயீல். யஹூத் என்பதோ பெரும்பாலும் மார்க்கத்தாரைச் சுட்டி வருகிறது. யூத மார்க்கச் சட்டமான ஹலாகா இவ்விரண்டையும் பின்னிவிடுகிறது. யூதத் தாய்க்குப் பிறந்தவரும் யூதர். முறைப்படி அம்மார்க்கத்தில் சேர்ந்தவரும் யூதர். பிறப்பால் யூதரானவர் வேறு மதம் புகுந்தாலும் யூதராகவே நீடிப்பார் என்பது மரபான கருத்து.

இக்கருத்து 1962இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஓஸ்வால்ட் ரூஃபைசன் போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது தம் பிறப்பை மறைத்து, மிர் நகரில் ஜெர்மானியரின் காவல் பிரிவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அந்நகர யூதர்களைக் கொன்றொழிக்க நாள் குறிக்கப்பட்டதை அறிந்து அவர்களுக்கு இரகசியமாகத் தெரிவித்தார். 1942 ஆகஸ்டில் ஏராளமானோர் காட்டுக்குத் தப்பினர். கைதாகித் தப்பிய அவர், கன்னியர் மடம் ஒன்றில் ஒளிந்திருந்த காலத்தில் கத்தோலிக்கரானார். பின்னர் டேனியல் என்னும் பெயருடன் துறவியானார்.

1959இல் இஸ்ரேல் சென்ற அவர், யூதர்களுக்கென 1950இல் இயற்றப்பட்ட ‘திரும்புதல் சட்டத்தின்’ கீழ் உரிமை கோரினார். தம் மதம் கத்தோலிக்கம், தம் இனம் யூத இனம் என்பது அவர் வாதம். நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் மறுத்தது. ஹலாகாவின்படி அவர் யூதரே என்று ஒப்புக்கொண்ட நீதிபதியும், மக்கள் வழக்கில் ஒரு கிறிஸ்தவத் துறவியை யூதர் என எவரும் அழைப்பதில்லை என்றே தீர்ப்பெழுதினார். உயிர்களைக் காத்தவருக்கு இவ்விடை! பின்னர் வேறு வழியில் குடியுரிமை பெற்றார்.

1970இல் சட்டம் திருத்தப்பட்டது. வேறு மதத்தைச் சேர்ந்தவர் யூதரல்லர் என அது வரையறுத்தது. அதே வேளை, யூதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடியேறும் உரிமையை அளித்தது. இதனால், அங்கு குடியேறியும் மார்க்க அறிஞர்களால் யூதராக ஏற்கப்படாதோர் பலர் உள்ளனர். அந்த மண்ணிலேயே பிறந்து, 1948இல் வீடிழந்த பாலஸ்தீனியருக்கோ அப்படியொரு சட்டம் இல்லை. அது தனியே எழுத வேண்டிய வரலாறு.

ரூஃபைசன் பிரித்துக் காட்ட முயன்ற மார்க்கமும் இரத்த உறவும் நம் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வாழ்விலும் எதிர்ப்படுகின்றன. பனூ நளீர் தலைவரின் மகளாகிய அவர்கள், ‘யூதரின் மகள்’ என்று குத்திப் பேசப்பட்டு அழுதார்கள். நபி (ஸல்) அவர்களோ, ஒரு நபியின் வழிவந்தவர், ஒரு நபியைச் சிறிய தந்தையாகக் கொண்டவர், ஒரு நபியின் மனைவி என்று அவர்களின் வம்சத்தையே சிறப்பாக எடுத்துக் காட்டி ஆறுதல் கூறினார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பணிப்பெண் ஒருத்தி, அன்னையார் சனிக்கிழமையை நேசிப்பதாகவும் யூதருடன் உறவு பேணுவதாகவும் முறையிட்டாள். அல்லாஹ் வெள்ளிக்கிழமையைத் தந்தபின் சனிக்கிழமையைத் தாம் நேசித்ததில்லை. யூதரிடையே தமக்கு உறவினர் உண்டு, அவ்வுறவைப் பேணுவதாக அன்னையார் விடையளித்தார்கள். அதன்பின் முறையிட்ட அப்பெண்ணை விடுதலை செய்தார்கள்.