கருவியின் கண்ணும் விமானியின் கையும்

ஆளின்றிப் பறக்கும் சிறு விமானமாகிய ட்ரோன் இன்று நமக்குப் புதுமையன்று. திருமண ஊர்வலத்தைப் படம்பிடிக்கவும், வயலில் மருந்து தெளிக்கவும், கிராம நிலங்களை அளக்கவும் அது பயன்படுகின்றது. வழியில் மரமோ சுவரோ எதிர்ப்பட்டால் தானே நின்றுவிடும் ஆற்றலும் அவற்றுட் பலவற்றுக்கு உண்டு. அவ்வாறாயின், அதனைச் செலுத்துவோருக்குத் திறமை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினா ட்ரோனுடன் பிறந்ததன்று. அதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

1914-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிஸ் நகருக்கருகே ஸீன் நதிக்கரையில் விமானப் பாதுகாப்புப் போட்டியொன்று நடைபெற்றது. 21 வயது அமெரிக்க இளைஞரான லாரன்ஸ் ஸ்பெர்ரி, மக்கள் காணத் தாழப் பறந்து, இரு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினார். அவருடைய துணைவர் இறக்கையின்மீது நடந்தார், விமானமோ நிலைகுலையவில்லை. சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை விடாது பற்றி நிற்கும் இயல்பைக் கொண்டு அமைத்த ஜைரோஸ்கோப் கருவியே அதனைக் காத்தது. 1947 செப்டம்பரில் ஸ்கைமாஸ்டர் விமானமொன்று நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, தானியங்கிக் கருவிகளாலேயே அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கிற்று.

இவ்வெற்றிகளின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். 2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தின் வேகத்தை உணரும் குழல்களில் பனிப்பளிங்கு அடைத்துக்கொண்டது. தானியங்கி விலகி, பொறுப்பைத் திடீரென விமானிகளிடம் விட்டது. குழம்பிய நிலையில் விமானத்தின் மூக்கு உயர்த்தப்பட்டது. இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழந்தன. ஐந்து நிமிடத்துக்குள் 228 உயிர்கள் கடலில் மறைந்தன. அவ்வளவு உயரத்தில் கையால் செலுத்தும் பயிற்சி விமானிகளுக்கு இல்லாமையை விசாரணை அறிக்கை சுட்டிற்று. 2013-இல் அமெரிக்க விமானத்துறை, தக்க தருணங்களில் விமானத்தைக் கையாலேயே செலுத்திப் பழகுமாறு விமானிகளை ஊக்குவிக்க வேண்டுமென்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

ட்ரோனின் கதையும் இதுவே. 2016-இல் சீன நிறுவனமான டி.ஜே.ஐ. வெளியிட்ட 'பேன்டம் 4', முன்னுள்ள தடையைத் தானே கண்டு நின்றது. நம் இரு கண்களைப் போன்று இரு காமிராக்கள் ஒரே பொருளை நோக்க, அவ்விரு படங்களின் வேறுபாட்டைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகின்றது. ஆயின் அக்கண்ணுக்கும் குறையுண்டு. அந்தி மங்கலில் அது தடுமாறும். மெல்லிய மின்கம்பியும், இலையுதிர்ந்த சிறு கிளையும், கண்ணாடிச் சுவரும் அதற்குப் புலப்படாமல் போகலாம். பல ட்ரோன்களில், அதிவேக முறைக்கு மாற்றிய கணமே இக்காவல் நின்றுவிடுகிறது. செயற்கைக்கோளின் குறிப்பும் அற்றுப்போய், தரையைக் காண ஒளியும் இல்லையெனில், ட்ரோன் காற்றோடு ஒதுங்கும். அப்போது துணை நிற்பது பழகிய கை ஒன்றே.

இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், தொழில்முறையில் பறக்கவிடுவோர் பலருக்குப் பயிற்சியையும் சான்றிதழையும் கட்டாயமாக்கின. 250 கிராமுக்கு மேற்படாத நுண் ட்ரோன்களுக்கு அது வேண்டுவதில்லை. சட்டம் விலக்களித்த இடத்தில், பயிற்சியை நாமே மேற்கொள்ளல் நன்று. ட்ரோன் நம்மை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகும், வலம் இடமாகும். புதியவர் கை பிழைபடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆளற்ற திறந்த வெளியில், தடையுணர்வை நிறுத்திவைத்து, மெதுவாக எட்டு வடிவில் பறக்கவிட்டுப் பழகினால் இத்தடுமாற்றம் தீரும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் இளைஞர்கள் பலருக்கு இக்கலை பிழைப்புக்கு வழியாகலாம். கூட்டத்தின் தலைக்குமேல் சுழலும் விசிறிகளைச் செலுத்துபவருக்குப் பிறர் உயிரும் பொறுப்பாகிறது. ஸ்பெர்ரி கைகளை உயர்த்திக் காட்டினார். ஆனால் அதற்கு முன்னரே அக்கைகள் விமானம் ஓட்டக் கற்றிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.