உடம்பைக் கட்டிய முப்புரிக் கயிறு

ஆட்டுக்கால் சூப்பை இரவில் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தால், அது தளதளவென்று உறைந்து நிற்கும். பலகையோடு பலகை ஒட்டுவதற்கு முற்காலத் தச்சர் வச்சிரம் காய்ச்சினர். மாட்டின் தோலையும் எலும்பையும் வேகவைத்து வடித்த பசையே அது. தமிழ்நாட்டில் தோல் பதனிடுவோர், ஆவாரம் பட்டை ஊறிய நீரில் பச்சைத் தோலைப் பல நாள் கிடத்தி, அழுகாத தோலாக்கி எடுத்தனர். சமையலறை, தச்சுப்பட்டறை, தோல் தொட்டி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று தொலைவானவை. ஆயினும் மூன்றிலும் கைக்கு அகப்படுவது ஒரே பொருள்தான். கொலாஜன் என்பது அதன் பெயர். 'கொல்லா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்பது பொருள். தமிழில் உள்ள 'கொல்லா'வோடு அதற்கு உறவு தேடிப் புறப்பட வேண்டா!

மனித உடம்பிலுள்ள புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கொலாஜனே. தசையை எலும்போடும், எலும்பை எலும்போடும், தோலை அதன் கீழுள்ள தசையோடும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது இதுவே. இப்படிச் சேர்க்கும் பகுதிகளை எல்லாம் இன்று இணைப்புத் திசு என்ற ஒரு பெயரால் வழங்குகிறோம். அதன் உள்ளமைப்பை உலகுக்கு முதலில் காட்டியது சென்னைக் கிண்டியில் இருந்த ஓர் ஆய்வுக்கூடம். 

திசு என்ற கருத்து பழைமையானதன்று. பாரிஸ் மாநகரில் வாழ்ந்து முப்பதாம் அகவையிலேயே மறைந்த பிஷா என்னும் மருத்துவர் (1771-1802), உடலுறுப்புகள் பலவாயினும் அவற்றை நெய்திருக்கும் துணிவகை சிலவே என்று கண்டார். இருபத்தொரு வகையை அவர் எண்ணிக் காட்டினார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. அறுத்தும், ஊறவைத்தும், வேகவைத்தும், கண்ணாலும் கையாலுமே பகுத்தார். நெய்த துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே பின்னர் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழில் 'திசு' ஆயிற்று. இலங்கைத் தமிழர் இதனை 'இழையம்' என்பர். இணைப்புத் திசு அவர்களுக்குத் 'தொடுப்பிழையம்'. இழை என்றால் நூல் என்பதை எண்ணும்போது, பிஷாவின் உள்ளத்தில் இருந்த உவமையைத் திசுவைவிட இழையமே நன்றாகக் காத்திருக்கிறது எனலாம். 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்தில் தங்கி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீனின் மண்ணல்லவா அது!

'இணைப்பு' என்னும் அடைமொழியை 1830ஆம் ஆண்டளவில் செருமானிய அறிஞர் யோகான்னஸ் முல்லர் வழங்கினார். அதுவரை அப்பகுதி, உறுப்புகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை அடைக்கும் பஞ்சுபோலவே கருதப்பட்டது. பெட்டியில் கண்ணாடிச் சாமானுக்கு நடுவே வைக்கோல் திணிப்பதில்லையா, அதுபோல!

இத்திசுவுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. தசையிலும் மூளையிலும் உயிரணுக்கள் நெருங்கிக் கிடக்கும். இங்கோ அணுக்கள் சிலவே. அவற்றைச் சூழ்ந்த பொருளே மிகுதி. அச்சூழ்பொருள் கூழாக இருந்தால் ஒரு வகை, நாராக இருந்தால் ஒரு வகை, கல்லாக இறுகினால் ஒரு வகை. தோலின் அடியில் தளர்வாகப் பரந்திருப்பது தளர் இணைப்புத் திசு. சிறுநீரகத்தைச் சுற்றி மெத்தையாகவும், உடலுக்குச் சேமிப்பாகவும் இருப்பது கொழுப்புத் திசு. மூக்கு நுனியிலும் காது மடலிலும் வளைந்து நிமிர்வது குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாய் இல்லாமையால், அடிபட்டால் எளிதில் ஆறாது. குருதியையும் இக்குடும்பத்திலேயே சேர்ப்பர். அதன் சூழ்பொருள் நீர்மம் என்பதே வேறுபாடு.

நாரே மிகுந்து இறுகியவை தசைநாணும் எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரும். குதிகாலின் பின்புறம் விரலால் தொட்டறியக்கூடிய தடித்த வடத்தை நம்மவர் 'நரம்பு' என்று சொல்வது வழக்கம். அது நரம்பன்று; கெண்டைக்கால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண். உடம்பிலுள்ள நாண்களில் அதுவே மிகத் தடித்தது.

எலும்பில் கொலாஜன் இருப்பதை வகுப்பறையிலேயே காட்டலாம். கோழிக்கால் எலும்பைச் சில நாள் காடியில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்துக் கரைந்துபோகும். எஞ்சிய எலும்பு ரப்பர்போல் வளையும். மற்றோர் எலும்பை நெருப்பிலிட்டால் கொலாஜன் எரிந்துபோகும்; வடிவம் மாறாது, ஆனால் தொட்டால் நொறுங்கும். முன்னது முறியாது, பாரம் தாங்காது. பின்னது கடினம், ஆனால் பொடிப்பொடி. உயிருள்ள எலும்பு இரண்டின் கூட்டு.

ரப்பர் என்றதும் இன்னொரு நாரைக் குறிப்பிட வேண்டும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர், ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறது. அங்கே கொலாஜனுக்குத் துணையாக எலாஸ்டின் என்னும் புரதம் உள்ளது. பால்மரக் காட்டில் வாழ்ந்தவர்க்கு அதன் வேலையை விளக்குவது எளிது. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டு, இழுத்தாலும் பழைய நிலைக்கு மீளும். எலாஸ்டின் சங்கிலிகளிலும் அத்தகைய குறுக்கு முடிச்சுகள் உள்ளன. எலாஸ்டின் ரப்பர் என்றால் கொலாஜன் கயிறு. அது நீளாது, இழுவையைத் தாங்கும்.

அக்கயிறு நைந்தால் என்ன நேரும் என்பதைக் கடலோடிகள் தம் உடம்பிலேயே கண்டனர். மாதக்கணக்கில் காய்கனி காணாத மாலுமிகளுக்கு ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் ஆடும், ஆண்டுகளுக்கு முன் ஆறிய புண்கூட மீண்டும் வாய் திறக்கும். 1747இல் 'சாலிஸ்பரி' என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்டு என்னும் மருத்துவர், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். கிச்சிலிப் பழமும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைந்து தேறினர். ஆயினும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்க 1795 ஆயிற்று. கண்டறிவதற்கும் கடைப்பிடிப்பதற்கும் இடையே அரை நூற்றாண்டு! உணவுக் குறையால் வரும் நோயை இவ்வாறு ஒப்பிட்டு ஆராய்ந்தது மலாயாவிலும் நடந்ததுண்டு. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர், ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து, பெரிபெரி நோய் முதற்சாராரையே பற்றுவதைக் காட்டினார். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாக இருந்ததும் அப்போது மருத்துவர் கருத்தைக் கவர்ந்திருந்தது.

எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி கொலாஜனுக்கு என்ன செய்கிறது என்பதை அறிய, முதலில் கொலாஜனின் வடிவம் தெரியவேண்டும். அவ்வடிவம் தெரியாமலே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி கழிந்தது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலக்குமணசாமி முதலியார், புதிய இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடினார். சர் சி. வி. இராமனின் பரிந்துரையால் அவருடைய மாணவர் கோ. நா. இராமச்சந்திரன் அப்பொறுப்பை ஏற்றார். எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1922இல் பிறந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூரிலும் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ந்து திரும்பியவர் அவர். துறைத்தலைவரானபோது அகவை முப்பதை ஒட்டியிருந்தது. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை சொல்லப்பட்ட அமைப்புகளுள் எதுவும் பொருந்தவில்லை என்றார். லைனஸ் பாலிங் போன்ற பேரறிஞர் கூறியதும் அவற்றுள் அடங்கும். அவ்வொரு பேச்சே இராமச்சந்திரனுக்கு வேலையைத் தந்தது.

பொருளைத் தேடி அவர் நெடுந்தொலைவு போகவேண்டியிருக்கவில்லை. 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அண்டையிலேயே இருந்தது. தோல் என்றால் கொலாஜன். எனவே அதை அறிந்தவர் அங்கு இருந்தனர், அவர்கள் உதவியும் கிட்டியது. கங்காருவின் வால் நாணிலிருந்து எடுத்த கொலாஜன் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்தது. ஆவாரம் பட்டைத் தொழில் தழைத்த நாட்டில் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததும், அதன் பக்கத்திலேயே எக்ஸ் கதிர் வல்லார் ஒருவர் வந்து அமர்ந்ததும் ஏதோ தற்செயல்போல் தோன்றும். பாதி தற்செயல்தான், மறுபாதி அப்பல்கலைக்கழகத்தை நடத்தியவரின் தொலைநோக்கு.

கோபிநாத் கர்த்தா என்னும் இளைஞருடன் சேர்ந்து இராமச்சந்திரன் 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் தம் முடிபை வெளியிட்டார். கொலாஜன் ஒற்றைச் சங்கிலி அன்று. மூன்று சங்கிலிகள் அருகருகே நிற்கும் கட்டு. சங்கிலி ஒவ்வொன்றும் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் மூன்றில் ஒன்று கிளைசின் என்பதை வேதியியலார் முன்பே அறிந்திருந்தனர். ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று சங்கிலிகளின் நடுவே இடம் மிகக் குறுகல். அங்கு நுழையக்கூடியது அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே. ஆதலால் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அதுவே நின்று நடுப்பக்கம் பார்க்கவேண்டும்.

மறு ஆண்டு, 1955இல், அவர்கள் இதைத் திருத்தினர். சங்கிலிகள் தத்தம் அளவில் இடப்புறம் முறுக்கேறியிருப்பதோடு, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக ஒன்றையொன்று சுற்றுகின்றன என்றனர். நிலா பூமியைச் சுற்றி வரும்போது எப்போதும் ஒரே முகத்தையே காட்டுகிறதே, அந்த நினைவே இராமச்சந்திரனுக்கு வழி காட்டியது என்பர். கயிறு திரிப்பவர் இதைக் கேட்டு வியக்கமாட்டார். புரியை ஒருபுறமும், புரிகளைச் சேர்த்து மறுபுறமும் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும் என்பது அவர் அறிந்ததே.

அவ்வாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு எழுந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் முப்புரியை ஏற்றனர். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவு நெருங்கியுள்ளன என்றும், மும்மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு பொருந்தாது, ஒன்றே பொருந்தும் என்றும் எழுதினர். உலகம் அவர்கள் பக்கமே சாய்ந்தது. அறிவியல் வரலாற்று நூல்கள் சிலவற்றில் கேம்பிரிட்ஜின் பெயர் முன்னும் சென்னையின் பெயர் பின்னும் வருவது இதனாலேயே. பிணைப்பைப் பற்றிய அவர்கள் வாதம் சரியே. மூன்று சங்கிலி என்ற அடிப்படையை முதலில் அச்சிட்டது சென்னை என்பதும் அதே அளவு சரி. இரண்டையும் ஒருசேரச் சொல்வதே நடுவுநிலை.

இராமச்சந்திரன் வெறும் வாதத்தில் இறங்கவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியை அவர் முறையாக எடுத்துக்கொண்டார். அதுவரை ஆராயப்பட்ட படிகங்களில் அணுக்களுக்கு இடையேயான தொலைவுகளைத் தொகுத்து, புரதச் சங்கிலி எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் திரும்ப முடியாது என்று கணக்கிட்டார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட அந்த வரைபடம், இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. புதிய புரதம் ஒன்றின் வடிவத்தைக் கண்டதாக யார் சொன்னாலும் அதை இவ்வரைபடத்தில் இட்டுச் சோதிக்கின்றனர். தம் மாதிரியில் பிறர் கண்ட குறையிலிருந்து அவருக்குக் கிடைத்தது அது. அவர் 2001இல் சென்னையில் மறைந்தார்.

வைட்டமின் சி-யின் வேலையும் பின்னர் விளங்கிற்று. சங்கிலியிலுள்ள புரோலின் என்னும் அமிலத்தோடு ஆக்சிஜன் சேர்வதற்கு அது துணை செய்கிறது. அச்சேர்க்கை நடவாவிட்டால் முப்புரி உடற்சூட்டிலேயே பிரிந்துவிடும். மாலுமியின் பழைய புண் வாய் திறந்தது இதனாலேதான்.

கொலாஜனில் இன்று இருபத்தெட்டு வகை தெரியும். தோலிலும் நாணிலும் எலும்பிலும் மிகுந்திருப்பது முதல் வகை. அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ ஆயிரம் அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய வேறோர் அமிலம் அமர்ந்தால் போதும். நடுவில் இடம் போதாமல் கயிறு அங்கே கெடும். எலும்பு எளிதில் முறியும் நோயோடு சில குழந்தைகள் பிறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிலர் பிறக்கும்போதே எலும்பு முறிந்த நிலையில் பிறக்கின்றனர். 1994இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு சங்கிலியைப் படிகமாக்கி அதன் அமைப்பை நுணுக்கமாகக் கண்டபோது, ஆய்வாளர் அதில் வேண்டுமென்றே ஒரு கிளைசினை நீக்கி, அலனின் என்னும் அமிலத்தை வைத்திருந்தனர். மூன்று புரிகளும் தெளிவாகத் தெரிந்தன. பிணைப்பு ஒன்றே இருந்தது. அலனின் நின்ற இடத்தில் முறுக்குச் சற்றே தளர்ந்திருந்தது.