இயங்குதளத்தின் விலை



2025-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன், என் பழைய மாணவர் ஒருவர் திருநகரில் உள்ள என் இல்லத்துக்கு வந்தார். திருப்பரங்குன்றத்துக்கு அருகில் சிறியதொரு கணிப்பொறிக் கடை நடத்தி வருபவர் அவர். திருமண அழைப்பிதழ் அமைப்பதும், மாணவர்களின் விண்ணப்பங்களை இணையத்தின் வழியே அனுப்பித் தருவதும் அவருடைய தொழில். வந்தவர் முகத்தில் கவலை தெரிந்தது.

“ஐயா, என்னிடம் உள்ள இரண்டு கணிப்பொறிகளும் பழுதின்றி ஓடுகின்றன. ஆயினும் இம்மாதம் 14-ஆம் தேதியோடு அவற்றின் இயங்குதளத்துக்கு ஆயுள் முடிகிறது என்கிறார்கள். புதிய பதிப்புக்கு மாறலாம் என்றால், அதனைத் தாங்கும் தகுதி இந்தப் பொறிகளுக்கு இல்லையாம். பழுதே இல்லாத பொருளுக்கு நான் ஏன் மறுபடியும் பணம் கட்ட வேண்டும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. இயங்குதளம் என்பது எப்படி விலைப்பொருள் ஆயிற்று, அதற்கு மாற்றாக எது தோன்றிற்று, நம் தமிழ்நாடு அவ்விரண்டுக்கும் இடையே எவ்வாறு வழி தேடிற்று என்னும் வரலாற்றை அறிந்தால்தான் விடை விளங்கும். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

முதலில் இயங்குதளம் என்பது யாது? ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். பாடம் நடத்துவோர் ஆசிரியர், படிப்போர் மாணவர். ஆயினும், எந்த வகுப்புக்கு எந்த அறை, எந்த நேரத்தில் எந்த மணி, சாவி யாரிடம், பதிவேடு எங்கே என்று ஒழுங்கு செய்வதற்கு ஓர் அலுவலகம் வேண்டும் அன்றோ? கணிப்பொறிக்குள் அவ்வலுவலகத்தின் வேலையைச் செய்வதே இயங்குதளம். நினைவகத்தைப் பங்கிடுவதும், அச்சுப்பொறியையும் விசைப்பலகையையும் இயக்குவதும், கோப்புகளைக் காப்பதும் அதன் கடமை. கண்ணுக்குத் தெரியாத பணியாதலால், அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

தொடக்கத்தில் அதற்குத் தனி விலை இருக்கவுமில்லை. பெரும் பொறியை வாங்குவோருக்கு அல்லது வாடகைக்கு எடுப்போருக்கு மென்பொருளும் சேர்ந்தே வந்தது. 1969-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம், தன் மென்பொருள்கள் சிலவற்றுக்கும் சேவைகளுக்கும் இனித் தனி விலை உண்டு என்று அறிவித்தது. மென்பொருள் வாணிகம் தனியே வளர்வதற்கு அஃது ஒரு பெருந்திருப்பமாயிற்று. 1976-இல், இருபது வயதே நிரம்பியிருந்த பில் கேட்ஸ் என்னும் இளைஞர், கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார். பொறிக்குப் பணம் கொடுக்கும் நீங்கள், நாங்கள் உழைத்து எழுதிய நிரலை மட்டும் படியெடுத்துக்கொள்வது களவு ஆகாதோ என்பது அக்கடிதத்தின் சாரம்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, இயங்குதளத்தை வாங்குவோரே தேர்ந்துகொள்ளுமாறு விட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்த டாஸ் என்பதன் விலை 40 டாலர். அதன் போட்டியாக அடுத்த ஆண்டு வந்த சிபிஎம்-86 என்பதன் விலை 240 டாலர். மக்கள் எதனை வாங்கினர் என்று கூறவும் வேண்டுமோ! மலிவானது பரவியது, பரவியதற்கே பிறர் மென்பொருள்களை எழுதினர், மென்பொருள்கள் மிகுந்திருந்ததால் அதுவே மேலும் பரவியது. இயங்குதளத்தின் வரலாற்றில் இன்றுவரை தொடரும் விதி இதுதான். நாம் ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் அண்டை அயலார் தேர்ந்தெடுத்ததும் நம்மை இழுக்கிறது.

இப்போக்குக்கு எதிராக ஒரு குரல் எழுந்தது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுடைய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்து, அதற்கு குனு என்று பெயரிட்டார். 1991-இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இவ்விரண்டும் இணைந்தே இன்று நாம் லினக்ஸ் என்று வழங்கும் கட்டற்ற இயங்குதளம் ஆயிற்று. கட்டற்றது என்பதற்கு விலையற்றது என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. உரிமையே அதன் உயிர்.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன கூறுகிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பு என்பதனுள் அடக்கியது. ஒரு நிரலை எழுதுவோரும் சட்டத்தின் கண்ணில் நூலாசிரியரே! உரிமமற்ற படி என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்துவதும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து உரிமமற்ற குறுவட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் பல ஆண்டுகள் சர்வ சாதாரணமாக இருந்தது. அதனை நம்மில் பலர் சிக்கனம் என்று கருதினோமேயன்றிப் பிழை என்று கருதவில்லை.

பதிப்பை மாற்றியே தீரவேண்டிய காரணமொன்று தமிழருக்குத் தனியே இருந்தது. பழைய இயங்குதளங்கள் தமிழை அறியா. ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்த எழுத்துருக்களைக் கொண்டே நாம் தட்டச்சு செய்தோம். ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றொன்றில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு, தமிழ்99 என்னும் விசைப்பலகைக்கும் பொதுவான குறியீட்டு முறைகளுக்கும் வழி வகுத்தது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டிலோ தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தது. ஆயினும் விண்டோஸ் வரிசையில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பே அதனை முதன்முதல் தாங்கிற்று. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. அக்காலத்தில் புதிய பதிப்புக்கு மாறுவது பகட்டன்று. தாய்மொழியில் எழுதியது எங்கும் படிக்கப்பட வேண்டுமாயின் வேறு வழி இல்லை.

இனி நம் மாநிலத்தின் தேர்வைக் காண்போம். 2005-இல் மத்திய அரசின் ஆதரவுடன், சென்னையிலுள்ள சி-டாக் மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியின் பயனாக 2007-இல் வெளிவந்ததே பாஸ் லினக்ஸ். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பணிபுரிய வல்லது அது. ஏறத்தாழ அதே காலத்தில், அரசின் மின்னணு நிறுவனமாகிய எல்காட், தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் ஒரே கணினியில் இடம்பெற்றன. மாணவர்களுள் பெரும்பாலோர் முன்னதையே திறந்தனர் என்பதை நான் கண்டிருக்கிறேன். தெரிந்த கதவைத் தட்டுவதுதானே மனித இயல்பு!

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி, 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கு ஆதரவு முடிவுற்றது. ஆதரவு முடிதல் என்றால் பொறி நின்றுவிடுதல் அன்று. நிரலில் புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைத்துத் தரும் பணி நின்றுவிடுகிறது. வீடு இருக்கும், காவற்காரர் இருக்க மாட்டார். எக்ஸ்பியைக் கைவிட்டுப் பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழக அரசு அவ்வாண்டில் தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

அப்போது நான் தலைமையாசிரியராக இருந்தேன். எங்கள் பள்ளியில் பத்துக் கணிப்பொறிகள் இருந்தன, பத்தும் எக்ஸ்பி. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதனை வைத்தேன். “ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்?” என்றார் ஒருவர். “கடையில் கொடுத்தால் வட்டைப் போட்டுத் தருவார்கள்” என்றார் மற்றொருவர். உரிமம் வாங்க நிதி இல்லை. களவுப் படிக்கு என் மனம் இசையவில்லை. ஒன்பது பொறிகளில் பாஸ் லினக்ஸை நிறுவினோம். முதல் மாதம் அல்லல்தான். அச்சுப்பொறி பேச மறுத்தது. பழகிய பட்டிகள் இடம் மாறியிருந்தமையால் ஆசிரியர்கள் முணுமுணுத்தனர். ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் தாமே முயன்று அச்சுப்பொறியை இயக்கிக் காட்டிய பின்னரே முணுமுணுப்பு அடங்கிற்று.

பத்தாவது பொறியில்தான் நான் தவறினேன். அலுவலகத்திலிருந்த அப்பொறியில் பழைய தமிழ் எழுத்துருவில் ஆண்டுக்கணக்கான கோப்புகள் இருந்தன. அவற்றை மாற்றும் உழைப்புக்கு அஞ்சி, “இது ஒன்று மட்டும் அப்படியே இருக்கட்டும்” என்று விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டில் எவரோ செருகிய நினைவுக்கோல் வழியே நச்சுநிரல் புகுந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குரிய மாணவர் பெயர்ப்பட்டியல் முழுவதும் சிதைந்தது. வேறு படியும் எடுத்து வைக்கவில்லை. அலுவலக எழுத்தரும் நானும் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டி, பெயர், பிறந்த தேதி, தந்தையார் பெயர் என ஒவ்வொன்றாக மீண்டும் எழுதினோம். நான்கு இரவுகள் ஆயின. ஒரு பிறந்த தேதி பிறழ்ந்தாலும் ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதும் அப்பிழை தொடருமே என்னும் அச்சம் அந்த இரவுகளில் என்னை விட்டு அகலவில்லை. பணம் கொடாமல் மிச்சம் பிடித்ததாக எண்ணியதன் விலையை அன்று அறிந்தேன்.

எனக்கு நேர்ந்தது சிறிது. உலகுக்கு நேர்ந்தது பெரிது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி, வான்னகிரை என்னும் பணயநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்து, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆந்திர மாநிலக் காவல் துறையின் கணிப்பொறிகள் சிலவும் தாக்குண்டன. ஈண்டு ஒன்றைக் கருதவேண்டும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்துவிட்டது. தாக்குண்டவற்றுள் மிகப் பல, ஆதரவு இருந்தும் அத்திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளாத விண்டோஸ் 7 பொறிகள். ஆகவே, பணம் கொடுத்து வாங்குவது மட்டும் காவல் ஆகாது, விழிப்பும் வேண்டும்.

கட்டற்ற வழியே எப்போதும் எளிதென்று கூறவும் நான் முற்படேன். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றியது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. நம் அண்டை மாநிலமாகிய கேரளமோ, பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைநாட்டிற்று. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்கு அதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாயிற்று என்று அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் 2019-இல் கணக்கிட்டு அறிவித்தது. அதன் வெற்றிக்கு இலவச நிரல் மட்டும் காரணமன்று. ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி அளித்தனர், பாடநூல்களையும் அதற்கேற்ப எழுதினர். உரிமத்துக்குக் கொடாத பணத்தில் ஒரு பங்கையேனும் பயிற்சிக்குக் கொடுத்தாக வேண்டும்.

மீண்டும் என் மாணவரிடம் வருவோம். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஆதரவு முடிந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் வேண்டும். வீட்டுப் பயனாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை, கட்டணத்துடனோ சில நிபந்தனைகளின்பேரில் கட்டணமின்றியோ, பாதுகாப்புத் திருத்தம் தர நிறுவனம் ஒப்பியது.

அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். உம்முடைய தொழிலுக்கு இன்றியமையாத மென்பொருள் எது, அஃது எந்தத் தளத்தில் ஓடும்? அந்தப் பொறியில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன? பழகிக்கொள்ள உமக்கு எத்தனை நாள் ஓய்வு உண்டு?

அவர் சிறிது நேரம் எண்ணினார். அழைப்பிதழ் அமைக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதற்கு ஒரு புதிய பொறியை உரிமத்தோடு வாங்குவது என்று முடிவு செய்தார். விண்ணப்பம் நிரப்பும் பொறிக்கு இணைய உலாவி மட்டும் போதுமாதலால், அதில் லினக்ஸ் போதும் என்றார். “என் கோப்புகள் போனால் எனக்கு மட்டும் நட்டம். விண்ணப்பம் தருகிறார்களே, அவர்கள் ஆதார் எண்ணையும் மதிப்பெண் பட்டியலையும் என்னை நம்பி அல்லவா கொடுக்கிறார்கள்!” என்று அவராகவே கூறியபோது, அவருக்குப் பாடம் சொன்ன காலம் வீண் போகவில்லை என்று மகிழ்ந்தேன்.

மாணவ நண்பர்களே! உங்கள் கையிலுள்ள கைப்பேசிக்கும் ஓர் இயங்குதளம் உண்டு. அதற்கும் ஆதரவு முடியும் நாள் ஒன்று உண்டு. அந்த நாள் எதுவென்று இன்றே கேட்டறியுங்கள். விலை கொடுத்தால் உரிமத்தோடு வாங்குங்கள். கொடாவிடில் கட்டற்றதைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இன்றி இருந்தபடியே இருக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். எதைச் செய்தாலும், கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள். அந்த நான்கு இரவுகள் உங்களுக்கு வேண்டா.